காற்றில் இருபத்தொன்று

சிலிண்டரின் ஆக்சிஜனை அளக்கும் புதிய மீட்டரில் அறுபத்து நான்கு என்று வந்ததும் ஷிஃபெராவ் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எண் அசையவில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், காற்றிலிருந்து நைட்ரஜனைச் சலித்து ஆக்சிஜனைச் சிலிண்டரில் நிரப்பும் இயந்திரம் இரவெல்லாம் இருமியது. அதை ஓட்டும் அவரும் கூடவே விழித்திருந்தார். கண்ணுக்குள் மணலைப் போட்டதுபோல் இருந்தது. ஆக்சிஜன் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் சிலிண்டர் வார்டுக்குப் போகக்கூடாது, அதுதான் விதி. ஆனால் மழையில் மலைச்சாலை சரிந்து சிலிண்டர் ஏற்றி வரும் நகரத்து லாரி பாதி வழியில் நிற்கிறது. குழந்தைகள் வார்டில் நிமோனியாவோடு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு ஓடிக்கொண்டிருந்த கடைசிச் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

“என்னண்ணே, வந்த அன்னைக்கே மருமகளைக் குத்தம் சொல்றீங்க?” என்றான் தெரெஜே. கடலோரத் துறைமுகத்திலிருந்து சாமான்களை மலைக்கு ஏற்றி வருகிறவன். சரிவைக் கால்நடையாகக் கடந்து, மீட்டரை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். “உங்களுக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு அங்கேயே காத்துல பிடிச்சு, இருபத்தொண்ணுக்குத் திருகி வெச்சேன்.”

“அங்கேயேன்னா எங்க?”

“துறைமுகத்துலதான்.”

ஷிஃபெராவ் மீட்டரின் குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றி வாசலில் பிடித்தார். பதினைந்தே முக்கால்.

“அடப்பாவி! நம்ம ஊர்க் காத்துலயும் கலப்படமா?” என்றான் தெரெஜே.

பள்ளியில் படித்த வாயு விதி அவருக்கு நினைவில் இருந்தது. எத்தனை வாயு கலந்திருந்தாலும், ஒவ்வொன்றும் அந்த இடத்தில் தான் மட்டுமே இருப்பதுபோலத் தன் அளவுக்கு அழுத்தும். இந்த மீட்டர் பங்கைப் பார்ப்பதில்லை. ஆக்சிஜன் தரும் அந்த அழுத்தத்தை மட்டும் உணர்ந்து, அதைப் பங்காக மாற்றிச் சொல்கிறது. கடலோரத்திலும் இங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றுதான், நூற்றுக்கு இருபத்தொன்று. ஆனால் இந்த உயரத்தில் மொத்தக் காற்றும் அங்கே அழுத்துவதில் முக்கால்வாசிதான் அழுத்தும். அதனால் மீட்டர் எதையும் முக்கால்வாசியாகவே காட்டுகிறது. அப்படியென்றால் அறுபத்து நான்கு? மனதுக்குள் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். தூக்கம் கெட்ட மண்டை தப்பாகப் போட்டிருக்கக்கூடாதா என்று இருந்தது.

“மீட்டர்லதான் தப்பு. இங்கத்த காத்துக்குத் திருகணும்” என்றார்.

“அப்பாடா!” தெரெஜே திருப்புளியை எடுத்து, காற்றில் இருபத்தொன்று வரும்வரை திருகினான். அவன் முகத்தில் அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று ஷிஃபெராவ் குழாய் முனையை மெதுவாகத் துடைத்தார். பிறகு குழாயைச் சிலிண்டரில் மாட்டினார். எண்பத்தைந்து.

மழை தகரத்தில் கொட்டியது. இயந்திரத்துக்குள் நைட்ரஜனைச் சலிக்கும் மணிகள் ஈரம் குடித்து ஓய்ந்துபோயிருக்க வேண்டும். மீட்டரும் தப்பு, சிலிண்டரில் ஆக்சிஜனும் குறை.

தெரெஜே திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. “அண்ணே, இன்னும் ஒரு சுத்து. காத்துல இருபத்திரெண்டரைன்னு வெச்சா இங்க தொண்ணூத்தொண்ணு வந்துரும். யாரு பார்க்கப் போறா?”

ஷிஃபெராவின் கை அவனிடம் திருப்புளியை வாங்கக்கூட நீண்டது. வாங்கினார். ஒரு சுற்று திருகினால் போதும். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

வாசலில் நர்ஸ் எமெபெட் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். “ரெண்டு பேரும் குருட்டுக்கோழி மாதிரி நிக்கிறீங்க? இருக்கா, இல்லையா?”

“எண்பத்தஞ்சுதான் இருக்கு, சிஸ்டர். விதிப்படி தரக்கூடாது.”

“அங்க ஒரு புள்ள உதடு நீலமாயிட்டு வருது. விதியை வந்து ஊதச் சொல்றியா?”

“தந்தா, தொண்ணூறுன்னு நினைச்சு வழக்கமான அளவே திறந்துருவீங்களே.”

“அப்போ எவ்வளவுன்னு எழுதிக் குடுய்யா. கூடத் திறக்கறேன். சீக்கிரம் தீரும், தீரட்டும். நீ அடுத்ததை ரொப்பு.”

அவர் திருப்புளியைச் சட்டைப்பையில் செருகினார். சுவரோரம் கிடந்த சுண்ணாம்புக் கட்டியால் சிலிண்டரின் கறுப்பு வயிற்றில் பெரிதாக 85 என்று எழுதினார். மூவருமாக உருட்டிக்கொண்டு போனார்கள்.

வார்டில் எமெபெட் குமிழைத் திருக, கண்ணாடிக் குழாயில் மிதக்கும் குண்டு வழக்கமாக நிற்கும் கோட்டைத் தாண்டி மேலே ஏறியது. சிலிண்டரின் முள்ளை ஷிஃபெராவ் பார்த்துக்கொண்டே நின்றார். இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்த தாய், பிள்ளையின் காலைப் பிடித்தபடி சிலிண்டரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். சற்று நேரம் கழித்துப் பிள்ளை சிணுங்கவும் பதறி எழுந்து அதன் மேல் குனிந்தாள். நனைந்த பச்சைச் சால்வையில், அவள் தோளுக்குக் கீழே, அந்த எண் வலம் இடமாக வெள்ளையாய் ஒட்டியிருந்தது.