இரையும் மூன்றாம் தந்தி

கடையில் மணிபோல் ஒலித்த புதுக் கிதார், வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் இரையத் தொடங்கியது. மூன்றாம் தந்தியை மீட்டினால் போதும், ஜாடிக்குள் அகப்பட்ட வண்டு போல ஜிர்ரென்றது. டோங்சிக்குக் காரணம் புரியவில்லை.

ஒரே ஒரு காரணம் தோன்றியது. அதை நினைக்கவே பயந்தார். தந்தியைச் சரியாக அழுத்தாத விரலும் இதே இரைச்சலைத்தான் எழுப்பும். போன வசந்தத்தில் பக்கவாதம் வந்து அவருடைய இடக்கை எட்டு மாதம் செத்துக் கிடந்தது. கொரியாவின் டேகு நகரக் காபிக்கடை மேடைகளில் இருபது வருஷம் கிதார் மீட்டிப் பாடியவர். கைக்கு உயிர் திரும்பிய பிறகுதான் இந்தக் கிதாரை வாங்கினார். பன்னிரண்டு கிதார்களை மீட்டி, நாதம் எத்தனை மூச்சுக்கு நிற்கிறதென்று எண்ணிப் பார்த்தார். இது ஒன்றுதான் நான்கு மூச்சு நின்றது.

இப்போது ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. அழுத்தி அழுத்தி விரல்நுனி கன்றிப்போயிற்று. கை மறுபடி சாகிறது என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, போய் என்ன கேட்பது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சட்டைப் பொத்தான் போடும்போது இடக்கையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மனைவி ஓக்பூனோடு கடைக்குப் போய், கடைக்காரியிடம் கிதாரை நீட்டினார்.

"நீயே வச்சுக்கோம்மா. இனிமே இதை வாசிக்க எனக்குக் கை இல்ல."

கடைக்காரி யூன்ஹே வாங்கித் தானே மீட்டினாள். ஜிர்ர்.

"எனக்கும்தான் இரையுது. எனக்கும் கை போயிருச்சாண்ணே?"

"சமாதானம் சொல்லாத. வேணும்னே லேசா அழுத்துற."

அவள் ஓர் இரும்பு ஸ்கேலைக் கிதாரின் முகப்பலகையின் குறுக்கே வைத்தாள். நடுவில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"நடுவுல மேடா இருக்கணும். குழி விழுந்திருக்கு. வீட்டுல எங்க வைக்கிறீங்க?"

ஓக்பூன் முந்திக்கொண்டாள்.

"குளிருக்குத் தரைக்கு அடியில சூடு போடுறோம்ல, அதுலயே நல்லா சூடான மூலையில. விருந்தாளிய உக்கார வைக்கிற இடம். மெத்தை போட்டுப் படுக்க வச்சிருக்காரு. முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன், எனக்கு அந்த இடம் கிடைச்சதில்ல."

யூன்ஹே சிரித்துவிட்டாள். டோங்சிக் சிரிக்கவில்லை. "அப்ப இத்தனை நாளா..." என்று தன் இடக்கையைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு அழுகை வந்தது.

விஷயம் இவ்வளவுதான். குளிர்காலத்தில் தரைச்சூடு மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் போனால் மெல்லிய பலகை சுருங்கும். சுருங்கினால் நடு மேடு இறங்கும். மேட்டின் மேல் நிற்கும் தந்திகளும் கூடவே இறங்கி, கழுத்திலுள்ள உலோகப் பட்டைகளில் உரசும். அப்படியானால் ஈரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுக்குள் நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்து, கிதாரோடு பெட்டிக்குள் மூடி, சூடில்லாத சுவரோரம் நிறுத்தினார்கள். பஞ்சு காயக் காய நனைத்தார்கள். ஒன்பதாம் நாள் பலகை எழும்பியது. மூன்றாம் தந்தி இரையவில்லை.