முதல் ஷிப்டுக்குப் போகும் சைக்கிள்

சித்தையன் செத்த பதினேழாம் நாள், திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, அவனுடைய சைக்கிள் தானாகக் கிளம்பி முதல் ஷிப்டுக்குப் போனது. முந்தின நாள்தான் மகள் சுசித்ரா அதைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து, மைசூரு கும்பார கொப்பலில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தாள். பெல் மூடி நசுங்கியதைத் தவிர வண்டிக்கு வேறு சேதமில்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவன் மனைவி பழனாத்தாள், ஸ்டாண்டு விடுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சீட்டின் ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கியது. பெடல்கள் ஒன்று மாற்றி ஒன்று இறங்கின. தெருமுனையில் திரும்பும்போது நசுங்கிய பெல் டொக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. கையில் சொம்போடு அவள் நின்றுகொண்டேயிருந்தாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் சித்தையன் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசலை அது ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அடைந்ததாகவும், கொட்டகையில் அவன் வழக்கமாக நிறுத்தும் தூணோரம் போய் நின்றதாகவும், பகல் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் திரும்பிப் போனதாகவும் காவலாளியின் நோட்டில் எழுதியிருக்கிறது. அதற்கடுத்த நாளும் அப்படியேதான் எழுதியிருக்கிறது.

சித்தையன் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுகா கோபிநத்தத்துக்காரன். மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் லேத் மிஷினில் பம்பு உதிரிபாகம் கடைந்தான். அவன் வந்த காலத்தில் தொழிற்பேட்டைச் சாலையில் ஓடிய சின்னக் கார்களின் அகலம் நாலே முக்கால் அடி. அவன் செத்த வருஷம் ஓடியவற்றில் பாதி ஆறேகால் அடி, பக்கக் கண்ணாடிகளை விரித்தால் ஏழடி. சாலை மட்டும் போட்ட அகலத்திலேயே இருந்தது. ஷிப்டுக்குப் போகும் வழியில் அவனைக் காரால் இடித்த ஹேமந்த், தொழிற்பேட்டையை ஒட்டிய மேட்டகள்ளிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த முப்பத்தொரு வயது இன்ஜினியர். தாத்தா காலத்திலேயே வேலூரிலிருந்து வந்துவிட்ட குடும்பம். பழைய சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய கார் ஒன்றை வாங்கி அன்று ஐந்தாவது நாள். குடிக்கவில்லை, போன் பேசவில்லை, வேகமும் நாற்பத்தைந்துக்கு மேல் இல்லை. "இடம் இருந்துச்சு சார். தெனமும் இதே எடத்துல, இதே மாதிரிதான் சைக்கிளையெல்லாம் ஓவர்டேக் பண்றேன். ஒரு நாளும் பட்டதில்ல" என்று ஸ்டேஷனில் திரும்பத் திரும்பச் சொன்னான். அது உண்மைதான். போக்குவரத்துக் காவலர் ரவிக்குமார் டேப் வைத்து அளந்து பார்த்தார். பழைய காராக இருந்திருந்தால் ஒரு சாண் இடைவெளியில் தாண்டியிருக்கும். புதிய காரின் இடது கண்ணாடி சித்தையனின் தோளில் பட்டிருந்தது.

ஆளில்லாத வண்டி சாலையில் ஓடக்கூடாது என்று சொல்ல அதே ரவிக்குமார்தான் வீட்டுக்கு வந்தார். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று சுசித்ரா கன்னடத்தில் கேட்டாள். தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், மூன்று நாள் தன் பைக்கில் சைக்கிளின் பின்னாலேயே போய்ப் பார்த்தார். அது இடது ஓரமாகவே போனது. சிவப்பு விளக்குக்கு நின்றது. எதிர்த் திசையில் வரவில்லை. ஓட்டுபவர் ஒழுங்காக ஓட்டுகிறார், நடவடிக்கைக்கு இடமில்லை என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார். அந்த மூன்று நாளில் அவர் வேறொன்றையும் கவனித்தார். கார்கள் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்தன. தாண்டிப் போனவர்களும் முழுசாக வலது பக்கம் ஒதுங்கி, ஐந்தடி விட்டுத்தான் தாண்டினார்கள். ஆள் உட்கார்ந்து போன இருபத்திரண்டு வருஷமும் அவர்கள் கண்ணில் படாத சைக்கிள், சீட்டு காலியான பிறகுதான் கண்ணில் பட்டது.

இதை முதலில் பயன்படுத்திக்கொண்டவள் சொர்ணலதா. தொழிற்பேட்டையில் ஒரு கேண்டீனில் காலைச் சமையல் செய்பவள். தினமும் பயந்து பயந்து சைக்கிள் மிதித்துப் போனவள், ஒரு நாள் இந்தச் சைக்கிளுக்குப் பின்னால் இருபதடி விட்டுப் போய்ப் பார்த்தாள். ஹாரன் சத்தமே கேட்கவில்லை. மறுநாள் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். பேப்பர் போடுகிறவர்கள், கொத்தனார்கள், செக்யூரிட்டி வேலைக்காரர்கள், கார்மெண்ட் பெண்கள் என்று வரிசை நீண்டது. கார்மெண்டுக்கு வேனில் போய்க்கொண்டிருந்த சுசித்ராவும் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி அதில் சேர்ந்துகொண்டாள். தீபாவளி சமயத்தில் அறுபத்து நாலு பேர் ஆனார்கள். தெருமுனையில் ஐந்தரைக்கே வந்து கூடி, சைக்கிள் வெளியே வரும்வரை காத்து நின்றார்கள். சிலர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். யாரோ ஹேண்டில்பாரில் செவ்வந்திச் சரம் சுற்றிவிட்டார்கள்.

பழனாத்தாளுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. முதல் நாளுக்குப் பிறகு, சைக்கிள் கிளம்பும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். ஒரு முறை சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டினாள். காலையில் சங்கிலி பூட்டியபடியே தரையில் கிடந்தது, சைக்கிள் போயிருந்தது. புருஷனின் உயிர் அமைதியடையவில்லை என்ற நினைப்பு அவளை அரித்தது. அதைவிட, மற்றவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை அவளால் தாங்க முடியவில்லை. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொர்ணலதா சர்க்கரைப் பொங்கல் செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணன் புண்ணியத்துல உசிரோட வேலைக்குப் போயிட்டு வர்றோம் அக்கா. அதான்..." என்றாள்.

பழனாத்தாள் பாத்திரத்தை வாங்கவில்லை. "ஏம்மா, மனுசன் இருபத்திரண்டு வருசம் ஒழைச்சாரு. பொழைச்சிருந்தாக்கூட இன்னும் பத்து வருசத்துல ரிட்டயர் ஆயிருப்பாரு. செத்தவரையும் காலங்காத்தால எழுப்பி ஷிப்டுக்கு அனுப்பறீங்க. உங்களுக்கு வழி கேட்டு வாங்க எங்கூட்டுக்காரருதான் கெடைச்சாரா?"

"நாங்க எழுப்பலக்கா. அவராத்தான் போறாரு."

"நீங்க பின்னால போறதாலதான் நிக்க மாட்டேங்கறாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை, மகள் சொன்னதைக் கேட்காமல், ஒரு சரக்கு ஆட்டோ பிடித்துச் சைக்கிளை அதில் படுக்கவைத்துக் கட்டி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை வழியாகக் கோபிநத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். சித்தையனின் தம்பி குப்புசாமி மக்காச்சோளம் போட்டுவைக்கும் கொட்டகையில் இடம் ஒதுக்கித் தந்தான். பிறந்த மண்ணைப் பார்த்தால் மனசு ஆறும் என்று இருவரும் நம்பினார்கள். மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்குக் கொட்டகைக்குள் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபடியே இருக்க, பின்சக்கரம் மட்டும் அந்தரத்தில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் தானாக நின்றது. எட்டு நாள் இப்படியே நடந்தது. பழனாத்தாள் மாதேஸ்வரன் மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். சக்கரம் அதற்கும் நிற்கவில்லை.

"அண்ணன் இங்கயும் வேலைக்குத்தான் போறாப்பல இருக்குது அண்ணி" என்றான் குப்புசாமி. "நாமதான் ரோட்ட மட்டும் புடுங்கிட்டோம்."

ஒன்பதாம் நாள் காலை சுசித்ரா போன் செய்தாள். சைக்கிள் இல்லாத அந்த நாட்களில் வரிசை கலைந்து, அவரவர் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று சொர்ணலதாவை ஒரு வெள்ளைக் கார் உரசிக்கொண்டு போயிருந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. கார் நிற்கவில்லை.

"நீ எங்கிருந்த கண்ணு?"

"அவங்க பின்னாடியேம்மா. பத்தடிகூட இருக்காது." என்றாள் சுசித்ரா. "அவங்க கேண்டீன்ல இன்னிக்கு டிஃபன் இல்லன்னு அனௌன்ஸ் பண்ணாங்கம்மா. அவ்வளவுதான். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க."

பழனாத்தாள் போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனாள். ஹேண்டில்பாரில் காய்ந்து கிடந்த செவ்வந்திச் சரத்தை அறுத்தெறிந்து, ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டாள். சைக்கிள் கொட்டகையை விட்டு இறங்கி, காட்டுச் சாலையில் ஏறி, மாதேஸ்வரன் மலைத் திசையில் போய் மறைந்தது. குப்புசாமி தன் பைக்கில் அவளை மலைவரை கொண்டுவந்து விட்டான். அங்கே இரவு தங்கி, மறுநாள் காலை அவள் மைசூரு பஸ் ஏறினாள்.

கொள்ளேகால் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்த அவள் அதைப் பார்த்தாள். முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் ஆறேழு கார்கள். இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அந்தச் சைக்கிளைத் தெரியாது. பக்கத்தில் வந்து சீட்டு காலியாக இருப்பதைப் பார்க்கும் வரை அவர்கள் யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு காரின் கண்ணாடியும் ஹேண்டில்பாரை ஒரு சாண் இடைவெளியில் தாண்டிப் போனது. ஒவ்வொரு முறையும் சைக்கிள் காற்றில் ஒரு ஆட்டம் ஆடி, மண்ணில் இறங்கி, மறுபடியும் கோட்டின்மேல் ஏறியது. ஏழு கார், ஏழு ஆட்டம். பழனாத்தாள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் சித்தையன் அவளிடம் இதைச் சொன்னதில்லை. வேலை முடிந்து வருவான், கை கால் கழுவுவான், சோறு என்னவென்று கேட்பான். அவன் கை நடுங்கி அவள் பார்த்ததில்லை. அவள் நெருங்கிப் பார்த்ததும் இல்லை.

டி. நரசிபுராவில் டீ குடிக்க பஸ் நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, சாலையோரம் போய் நின்றாள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்துச் சைக்கிள் வந்தது. அவளருகில் வந்ததும் வேகம் குறைந்து, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் போங்க" என்றாள்.

மைசூரு வந்து சேர மூன்று மணி நேரமானது. வழியில் அவள் அழுததாகச் சிலர் சொல்கிறார்கள். பேசிக்கொண்டே வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அவள் முன்னால் காலியாக இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு, தாண்டிப்போன ஒவ்வொரு காரையும் வாயாரத் திட்டிக்கொண்டு வந்தாள் என்பதுதான் சரியான தகவல். மைசூரு எல்லையில் அவளைத் தற்செயலாகப் பார்த்த ரவிக்குமார், பைக்கைப் பின்னால் போட்டுக்கொண்டு கும்பார கொப்பல் வரை கூடவே வந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்து மணிக்கே எழுந்து பழனாத்தாள் செம்மண்ணைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு டயருக்கும் காற்றடித்தாள். சைக்கிள் திரும்பி வந்த செய்தி கேட்டு, தெருமுனையில் பழையபடி ஆட்கள் கூடினார்கள். பூ வைத்துக் கும்பிட வந்த ஒருவனை அவள் தடுத்து நிறுத்தினாள். "சாமி கெடையாது. வேலைக்குப் போற ஆளு. நேரமாகுது, வழியை வுடு" என்றாள். சொர்ணலதாவுக்கு ஐந்து மாதம் தினமும் இரண்டு வேளைச் சோறு இந்த வீட்டிலிருந்துதான் போனது. அதற்குப் பிறகும் அவளுக்குக் கால் சரியாக மடங்கவில்லை. சைக்கிளை விட்டுவிட்டு கேண்டீன் வேன் பிடித்துப் போகிறாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஆகிவிட்டது. வரிசையில் இப்போது இருநூற்றுச் சொச்சம் பேர். அந்த வரிசையின் கடைசியில், நாலு விளக்கும் மின்ன, மிதிவண்டி வேகத்தில் ஒரு பெரிய கார் ஊர்ந்து வருகிறது. பின்னால் வரும் எந்த வண்டியையும் அது முந்த விடுவதில்லை. ஓட்டுபவன் ஹேமந்த். வழக்கு இன்னும் முடியவில்லை. முதலில் இதைக் கேள்விப்பட்டபோது பழனாத்தாள் அன்று முழுதும் சாப்பிடவில்லை. பிறகு மகளிடம், "வரட்டும். ஆனா எங்கூட்டுத் தெருவுக்குள்ள மட்டும் அவன் கார் திரும்பக் கூடாதுன்னு சொல்லிரு" என்றாள். அவன் திரும்புவதில்லை. இந்த வருஷம் விற்பனைக்கு வந்த கார்கள் போன வருஷத்தைவிட அரை அங்குலம் அகலம். சாலையை அகலப்படுத்த அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். சைக்கிளுக்கு இரண்டு முறை டயரும் ஒரு முறை செயினும் மாற்றியாகிவிட்டது. காவலாளியிடம் இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது.

இப்போதெல்லாம் பழனாத்தாள் திரும்பும் நேரத்திலும் கதவைச் சாத்துவதில்லை. இரண்டேகாலுக்கு வாசலில் வந்து நிற்கிறாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் விடாமல் தூறி, சாலையெல்லாம் சேறாகக் கிடந்தது. சைக்கிள் வந்து நின்றபோது ஹேண்டில்பாரிலும் கேரியரிலும் மட்கார்டிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கலாமென்று துணியோடு போனவள் சீட்டைத் தொட்டாள். அது காய்ந்திருந்தது. கொஞ்சம் சூடாகவும் இருந்தது. ஆறுவதற்கு முன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடிவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.