தோளில் உட்காராத நட்சத்திரம்

தீயணைப்பு நிலையத்தின் புதிய அதிகாரி தோளில் குத்திய வெள்ளி நட்சத்திரம் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கழன்று விழுந்தது. அந்த ஊரில் பதவிச் சின்னங்களுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வந்தது இதிலிருந்துதான். தையற்காரர் இரட்டை நூல் போட்டுத் தைத்தார். தைத்த துணியோடு விழுந்தது. பட்டறைக்காரர் திருகாணி வைத்தார். திருகாணி ஒரு பக்கம், நட்சத்திரம் ஒரு பக்கம் உருண்டன. நிலையத்தில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒன்பது அடித்ததும் ஒருவர் குனிந்து பொறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு, ஈரக் குழாய்களை உலர்த்தப் போய்விடுவார். கவலையெல்லாம் அதிகாரிக்குத்தான். மாதக் கடைசி அணிவகுப்பில் தோள் வெறுமையாக இருந்தால் பதவி உயர்வு ரத்து. பழையபடி பம்ப் ஆபரேட்டர்.

அவருடைய மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வேயில் வரன் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் இந்த பம்ப் ஆபரேட்டரைக் கட்டிக்கொண்டதால், பதினோரு வருஷமாக அவரை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. எதிரே உட்கார்ந்திருந்தாலும் மகளிடம்தான், வந்திருக்கிறவருக்குக் காபி கொடு என்பார்.

அணிவகுப்புக்கு முந்தின நாள் மகள் அப்பாவிடம் போய் நின்றாள்.

“நட்சத்திரம் விழுறதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?”

“தையக்காரரு, பட்டறைக்காரரு எல்லாரும் பாத்தாச்சு. மரியாதை ஒண்ணுதான் பாக்கி. அது உங்ககிட்டதாம்பா இருக்கு.”

அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

மறுநாள் ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மாமனார் அணிவகுப்பு மைதானத்துக்குள் வந்தார். நட்சத்திரம் சாயத் தொடங்கியிருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார்.

“மாப்பிள்ளை, சாப்ட்டு வந்தீங்களா?”

நட்சத்திரம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“சாப்ட்டேன் மாமா,” என்றார் அதிகாரி. அணிவகுப்பில் பேசியது குற்றம் என்று மேலதிகாரி குறித்துக்கொண்டார். தோளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஒருமுறை கூப்பிட்டால் ஒரு நாளைக்குத்தான் தாங்கும் என்பது அடுத்த நாளே தெரிந்தது. அதன்பின் பதினான்கு வருஷம் மாமனார் எட்டரைக்கெல்லாம் மகள் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையை விசாரித்துவிட்டுப் போனார். ஊரும் சின்னத்தையே மாப்பிள்ளை என்று சொல்லப் பழகியது. நடுவில் ஒருமுறை அவருக்குத் தொண்டை கட்டி நான்கு நாள் பேச்சு வரவில்லை. அந்த நான்கு நாளும் அதிகாரி வெறும் தோளோடு வேலைக்குப் போனார். பதிவேட்டில் அவர் பேருக்கு எதிரே, ‘மாமனாருக்குத் தொண்டை சரியில்லை’ என்று மேலதிகாரியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.