கூண்டுகள் நடந்து வந்த கரை

"இப்படி வாழ்ந்து நீ என்னத்தைக் கண்டே?" என்று ஹார்லன் சித்தப்பா ஏவிஸிடம் கேட்ட ஒன்பதாம் நாள் காலை, கயிறு அறுக்கப்பட்டுக் கடலடியில் கிடந்த அவளுடைய நூற்று நாற்பது இறால் கூண்டுகளும் நடந்து அவள் வீட்டுக் கரையில் ஏறின. அன்று ஸ்பூனர் குடாவில் சிங்கி இறால் பவுண்டு இரண்டு டாலர் எண்பது சென்ட்; காற்று வடமேற்கு. ஒவ்வொரு கூண்டையும் நான்கைந்து சிங்கிகள் சேர்ந்து இழுத்து வந்தன. கூண்டை விட்டுவிட்டு அவை திரும்பியபோது ஒவ்வொன்றின் வாலிலும் முக்கோண வெட்டு தெரிந்தது.

அந்த வெட்டு அவள் போட்டது. அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் கூண்டு போடுகிறவர்கள், முட்டையோடு ஏறும் சிங்கியின் வால்மடலைக் குறட்டால் முக்கோணமாக வெட்டிக் கடலில் விட்டுவிடுவார்கள். பிறகு அது முட்டை இல்லாமல் யார் கூண்டில் ஏறினாலும், வெட்டைப் பார்த்ததும் அவரும் விட்டுவிட வேண்டும். அப்பா இறந்து, ஏவிஸ் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுப் படகில் ஏறிய நாளிலிருந்து, இருபது வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தாள். 1983இல் பாடு, அதாவது கூண்டில் கிடைக்கும் இறால், குறைந்தது. குடாவில் யார் எங்கே கூண்டு போடுவது என்று முடிவு செய்கிற ஹார்லன்தான் முதலில் பிரஷை எடுத்தார். முட்டைச் சிங்கியை விற்கக் கூடாது; முட்டையை ப்ளீச் தண்ணீரில் தேய்த்துவிட்டால் சாதாரணச் சிங்கி. வாங்குகிறவன் புரட்டிப் பார்ப்பதில்லை. செப்டம்பருக்குள் எல்லாப் படகிலும் ஒரு வாளி, ஒரு பிரஷ். ஏவிஸுக்கும் ஒன்று கொடுத்தார். அவள் அதை வாங்கி, எல்லாரும் பார்க்கத் தன் படகின் தளத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, உலர்த்தித் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் அவளுடைய கூண்டுகளின் இடம் காட்டும் மிதவைக் குச்சிகளில் இரண்டிரண்டு கயிற்றுச் சுருக்கு விழுந்திருந்தது. இடத்தைக் காலி செய் என்று அங்கே அதற்குப் பொருள். அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் போட்டாள். சித்தப்பா படகுத்துறைக்கே வந்துவிட்டார்.

"உங்கப்பன் விட்டுட்டுப் போன அதே ஓட்டைப் படகு. வீட்டுக் கூரை ஒழுகுது. இப்படி வாழ்ந்து நீ என்னத்தைக் கண்டே?"

நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் காது சிவந்துவிடுகிறவள் அவள். "தெரியல சித்தப்பா," என்றாள். "ஆனா முட்டையைத் தேய்க்க மாட்டேன். இடத்தையும் விட மாட்டேன்."

அன்று மாலைக்குள் கூண்டுகளை மிதவைகளோடு கட்டியிருந்த கயிறுகள் எல்லாம் அறுபட்டன. கூண்டு போனால் அவளுக்குப் படகும் இல்லை, குடாவும் இல்லை; நகரத்து மீன் ஆலையில் தோல் உரிக்கப் போக வேண்டியதுதான். எட்டு நாள் கடலைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு அவித்துத் தின்றாள். தின்னும்போது கையில் ப்ளீச் வாடை இல்லை. சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுதானோ என்று தோன்றியது. போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் நடந்ததை விசாரிக்க வந்த கடல் காவலர், படிவத்தில் அதற்கான கட்டம் இல்லாததால், 'திரும்பக் கிடைத்தவை' என்று எழுதிக்கொண்டு போனார். கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த, வாளியும் பிரஷும் வைத்திருந்தவர்களில் ஒருவனான வில்பர், "அதுகளுக்கு வாரக் கூலியா, மாசச் சம்பளமா?" என்று கேட்டான். "உன்னை மாதிரி ஆளைக் கூலிக்கு வச்சா கூண்டு நடக்குமா?" என்றாள் கடைக்காரி. ஏவிஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே கூண்டுகளைப் பழைய இடத்தில் போட்டாள். அடுத்த நான்கு வருடத்தில் அவளுடைய கயிறுகளை ஆறுமுறை அறுத்தார்கள். ஆறுமுறையும் கூண்டுகள் ஒன்பதாம் நாள் நடந்து வந்தன. சிங்கிகள் அவளுக்கு வேறெதுவும் செய்யவில்லை. பாடு கூடவில்லை, கூரை ஒழுகுவது நிற்கவில்லை. கத்தி வாங்கி மாளவில்லை என்று அறுக்கிறவர்கள்தான் ஓய்ந்தார்கள். வில்பர் ஒருநாள் ப்ளீச் ஊறின தன் பிரஷால் நாயைக் குளிப்பாட்டினான். நாய்க்கு ரோமம் கொட்டிற்று.

ஐந்தாம் வருடம் அக்டோபர்ப் புயலில் குடாவில் இருந்த அத்தனை கூண்டும் அடித்துக்கொண்டு போயிற்று. ஒன்பதாம் நாள் எல்லாருடைய கூண்டும் வந்தன, எல்லாம் ஏவிஸின் கரைக்கே. ஆட்கள் வந்து, ஆளுக்கொன்றாக இருந்த மிதவையின் நிறம் பார்த்துப் பிரித்து எடுத்துப் போனார்கள். அங்கே வரும்போது யாரும் படகில் வாளி கொண்டுவரவில்லை.

கடைசியாக ஹார்லன் வந்தார். ஆரஞ்சும் கறுப்புமான மிதவை கட்டிய அவருடைய கூண்டுகளை ஏவிஸ் முன்பே ஓரமாக அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றிற்குள் ஒரு சிங்கி இருந்தது. அடிவயிறு முழுக்கக் கருமணி மாதிரி முட்டை, வாலில் வெட்டு இல்லை. அவர் கூண்டுதான், அவர் பாடுதான். அவர் படகில் மட்டும் வாளி இருந்தது.

"சித்தப்பா," என்று ஏவிஸ் குறட்டை நீட்டினாள். அவள் காது சிவந்திருந்தது. "எடுத்துட்டுப் போங்க, எல்லாம் உங்களுதுதான். ஆனா இந்தக் கரையில வச்சு இவளைத் தேய்க்க விட மாட்டேன்."

அவர் அதை வாங்கினார். சிங்கியைப் புரட்டிப் பிடித்து, வலது பக்க மடலில் வெட்டுப் போட்டு, முழங்கால் தண்ணீர்வரை இறங்கி அதைக் கடலில் விட்டார். கூண்டுகளை ஒவ்வொன்றாகப் படகில் ஏற்றினார். குறட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படகைக் கிளப்பிப் போனார்.