தொட்டித் தண்ணீரும் செத்த பாம்பும்

அவசரப் பிரிவில் அன்று காலை நிற்க இடமில்லை. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் பாம்பு ஒன்று செத்துக் கிடந்ததாம். அந்தத் தண்ணீரில் பல் துலக்கியவர், டீ போட்டுக் குடித்தவர், குளித்தவர் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு விஷமுறிவு ஊசி வேண்டுமாம். ஊசி என்ன மிட்டாயா என்று நர்ஸுக்கு எரிச்சலாக வந்தது.

பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்தத் தண்ணீர் வயிற்றைக் கலக்கலாம், உயிரை எடுக்காது. பாம்பு விஷம் வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். வாயிலோ குடலிலோ புண் இருந்தால்தான் கவலை. தோலில் பட்டால் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும். பல் குத்தி உடம்புக்குள் இறங்கினால்தான் உயிருக்கே ஆபத்து. இவ்வளவையும் படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டால்தானே?

"விஷம்னா விஷம்தானே சிஸ்டர். எந்தப் பக்கம் போனா என்ன?" என்று மேசையைத் தட்டினார் குடியிருப்புச் சங்கத் தலைவர்.

கடைசி பெஞ்சில், தொட்டியில் இறங்கிப் பாம்பை எடுத்துப் போட்ட பிளம்பர் உட்கார்ந்திருந்தார். வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தவரை, வரிசையில் வரச்சொல்லி அடக்கிவிட்டார் தலைவர். இப்போது பிளம்பரின் தலை தொங்கியது.

"நாங்க உயிருக்குப் பயந்து நிக்கிறோம். இவனுக்கு வர்ற தூக்கத்தப் பாருங்க," என்றார் தலைவர்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பிளம்பர் தூங்கவில்லை. கண்ணைத் திறக்கப் படாத பாடு படுகிறார், இமைதான் எழவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினாள். அவருக்கு நாக்குக் குழறியது.

"செத்த பாம்புதாம்மா... தலையப் புடிச்சுத் தூக்கினேன்... பல்லு லேசா வெரல்ல குத்திச்சு..."

வலியுமில்லை, வீக்கமுமில்லை. அதனால் அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவரை அவரிடம் கூட்டி வருவதற்குள் மூச்சுத் திணறத் தொடங்கிவிட்டது. மருந்தும் ஏறியது, தொண்டையில் குழாயும் இறங்கியது. கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் குழாய்க்கு வேலையே இருந்திருக்காது என்று மருத்துவர் கடுகடுத்தார்.

கூட்டம் ஓசைப்படாமல் கலைந்தது. தலைவர் மட்டும் கண்ணாடிக் கதவருகே நின்றார்.

"பொழச்சுக்குவாரா சிஸ்டர்?"

"இப்போதைக்கு மெஷின்தான் மூச்சு விடுது," என்றாள். அவள் கோபம் இன்னும் ஆறவில்லை. "வந்ததுமே சொல்ல வந்தாரு, நீங்க விடல. செத்த பாம்போட பல்லு பட்டாலும் அது கடிதான் சார். விஷத்துக்கு எங்ககிட்ட மருந்து இருக்கு. விவரம் தெரியாம பயந்து வழிய அடைக்கிற கூட்டத்துக்கு இல்ல. இனிமேலாவது கடிபட்டவங்கள முதல்ல உள்ள விடுங்க."