நாற்பத்தொன்றாம் எண் குடை

ஊர் சுற்ற வருகிறவர்கள் ஒரு இடத்துக்கு இரண்டாம் முறை வரமாட்டார்கள். மூன்று நாள் விடுமுறை, கைபேசியில் ஒரு பட்டியல், போனோமா பார்த்தோமா படம் பிடித்தோமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். பதினொரு வருடமாக குரோஷியத் தலைநகர் சாக்ரெபில் 'மறந்த குடைகளின் காட்சியகம்' நடத்தும் துப்ராவ்காவுக்கு இது அத்துப்படி. அதனால்தான் அந்த ஒல்லி மனிதன் மூன்றாம் நாளும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அவள் அவனையே கவனிக்க ஆரம்பித்தாள்.

டென்மார்க்கிலிருந்து வந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொல்லியிருந்தான். இரண்டு அறைகளில் இருநூறு குடைகள் தொங்குகின்றன. அவனோ நாற்பத்தொன்றாம் எண்ணை விட்டு நகரவில்லை. வாத்துத்தலைக் கைப்பிடி வைத்த கறுப்புக் குடை அது. 'காதலியிடம் திருமணம் கேட்கப் போன நாளில் ஒருவன் இதை டிராமில் மறந்துவிட்டான். அவள் மறுத்துவிட்டாள். நனைந்துகொண்டே வீடு திரும்பினான்' என்று கீழே அட்டை இருக்கும். அதன் முன்னால் நின்று கண் துடைக்காத சுற்றுலாப் பெண் இல்லை. 'யாரும் போகாத பத்து இடங்கள்' என்று எழுதுகிற பத்திரிகைகள் எல்லாம் அந்தக் குடையைத்தான் படம் போட்டன.

மற்ற குடைகள் எல்லாம் உண்மையிலேயே டிராமில் கிடந்தவை. நாற்பத்தொன்று மட்டும் திருட்டுக் குடை. காட்சியகம் திறப்பதற்கு முந்தைய வாரம், பார்க்கும்படியாக ஒரு குடைகூட இல்லையே என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, சதுக்கத்துக் காபிக்கடை வாசலில் குடை வைக்கும் தொட்டியில் வாத்து எட்டிப் பார்த்தது. எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள். கதையை அன்று இரவே கட்டினாள். இது வெளியே தெரிந்தால் காட்சியகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

பக்கத்தில் வேறொரு காபிக்கடை வைத்திருக்கும் ஸ்வோன்கோவிடம் போய் ஜாடையாகக் கேட்டாள்.

"அந்த ஆளப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

"வெளிநாட்டான்தான், சந்தேகமே இல்ல. நேத்து இங்க உக்காந்து நாலே நிமிஷத்துல காபியக் குடிச்சு முடிச்சுட்டான். நம்மாளுன்னா ஒரு கப்ப வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நாற்காலியத் தேய்ப்பான்."

"மூணு நாளா வர்றானே."

"உன்னப் பாக்க வர்றானோ என்னமோ. முடிக்குச் சாயம் அடிச்சது வீண் போகல."

"உன் வாயில மண்ண அள்ளிப் போட."

சிரித்துவிட்டுத் திரும்பினாலும் மனம் ஆறவில்லை. மாநகராட்சி ஆளோ? தெருக்கோடியில் பொத்தான் காட்சியகம் வைத்திருப்பவன் பொறாமையில் ஏவிவிட்டவனோ? உள்ளே மூன்று ஸ்பானியப் பெண்கள் நாற்பத்தொன்றின் முன்னால் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களுக்குப் பின்னால் நின்று, குடையைப் பார்க்காமல், அழுகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். துப்ராவ்காவுக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் மேட்டுக் கோபுரத்தில் தினமும் பன்னிரண்டு மணிக்குச் சுடும் பீரங்கி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பானியப் பெண்கள் துள்ளிக் குதித்து ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். அவன் அசையவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான், அதன் சாவியைத் திருகி ஒரு நிமிடம் தள்ளி வைத்தான்.

டென்மார்க்காரனாம். பீரங்கிக்குக் கடிகாரத்தைச் சரிபார்க்கிற புத்தி இந்த ஊரில் பிறந்தவனுக்கு மட்டும்தான் வரும். உள்ளூர்க்காரன் காசு கொடுத்து இந்த மாதிரி இடத்துக்கு வரமாட்டான், வந்தால் வேஷம் போட்டுக்கொண்டு வரமாட்டான். குடைக்குச் சொந்தக்காரன் வந்துவிட்டான் என்று அவளுக்குச் சந்தேகமறத் தெரிந்துபோயிற்று. பெண்கள் போகும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினாள்.

"போதும். நீங்க எந்தத் தெரு?" என்று தாய்மொழியிலேயே கேட்டாள்.

அவன் மறுக்கவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

"ட்ரெஷ்னியவ்கா பக்கம். பேரு திஹோமிர். அது என் குடைங்க."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். அதான் நேரா கேக்கல. கேட்டா மறைச்சிடுவீங்கன்னு நெனச்சேன்." அருகே வந்தான். "அவ எங்க இருக்கா?"

"யாரு?"

"யாத்ரன்கா. மறைக்காதீங்க. அன்னிக்கு நான் கல்யாணம் கேக்கப் போறேன்னு ஒலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அவளுக்கும். அஞ்சு மணிக்கு, சதுக்கத்துல குதிரைச் சிலை வாலடியில வந்து நிக்கிறேன்னு சொன்னா. இன்னிக்கும் வரலன்னா நான் ஸ்வீடனுக்குப் போயிடுவேன்னும் சொன்னா. காபிக்கடையில இருந்து எந்திரிக்கிறேன், குடையக் காணோம். வெளியில ஊத்துது. தெப்பமா நனைஞ்ச கோலத்துல போயி எப்படிக் கேக்கறதுன்னு நின்னுட்டேன். மழை விட்டுப் போறதுக்குள்ள அவ போயிட்டா. அப்புறம் போனையே எடுக்கல."

துப்ராவ்காவால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"பத்திரிகையில அட்டையப் படிச்சதும் புரிஞ்சுபோச்சு," என்றான். "காபிக்கடைக்கு வந்து அவதான் எடுத்திருக்கா. கோவத்துல மறுத்துட்டேன்னு மாத்தி எழுதச் சொல்லியிருக்கா. ஆனா மறக்கல பாருங்க. பதினோரு வருஷமா மறக்கல. அட்ரஸ் மட்டும் குடுங்க, போதும்."

ஆமாம், அவள்தான் கொடுத்தாள், எங்கே இருக்கிறாளோ தெரியாது என்று சொல்லிவிடலாம். அவனும் சந்தோஷமாகப் போவான், காட்சியகமும் பிழைக்கும். நாக்கு நுனிவரை வந்த பொய்யை அவள் விழுங்கினாள்.

"யாரும் குடுக்கலைங்க. தொட்டியில இருந்து நான்தான் திருடினேன். கதையையும் நானே கட்டினேன். உங்களையும் தெரியாது, அந்தப் பொண்ணையும் தெரியாது."

அவன் அட்டையை இன்னொரு முறை படித்தான்.

"அப்ப நான் ஏன் வரலன்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது," என்றான்.

துப்ராவ்கா குடையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொள்ளவில்லை. அட்டையை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவள் புதிய அட்டையைத் தொங்கவிட்டாள். 'இது என் குடை அல்ல. தொட்டியில் இருந்து நான் திருடினேன். இதனால் ஒருவன் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அவள் மறுக்கவில்லை.' பட்டியலோடு வந்த முதல் கூட்டம் அதைப் படித்தது. நல்ல நகைச்சுவை என்று சிரித்துவிட்டு, படம் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனது.