இரவல் சாந்தம்மா

ஒரு பெயருக்கு என்ன விலை? கொத்தனள்ளியில் இரண்டு அச்சு வெல்லம். பெரிய வீட்டுப் பெயரானால் இரண்டு, கூலிக்காரர் வீட்டுப் பெயரானால் ஒன்று. பேரம் கிடையாது. விலை கொடுக்கிறவர் நாராயணப்பன் வாத்தியார். வாங்கிக்கொள்கிறவர்கள் எட்டு, பத்து வயசுப் பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு முறை, டிப்டி இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடம் பார்க்க வருகிற அன்று மட்டும்தான் இந்த வியாபாரம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஜவளகிரி போகிற பாதையில் காட்டை ஒட்டிய ஊர் அது. பள்ளிக்கூடம் நாராயணப்பனின் சொந்தச் சொத்து. மானேஜரும் அவரே, ஹெட்மாஸ்டரும் அவரே, மணி அடிக்கிறவரும் அவரே. சர்க்கார் கொடுக்கிற கிராண்டு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயருக்கு மேல் இருந்தது. பாயில் உட்கார்ந்த தலைகள் அதில் பாதிகூட இல்லை. மற்றவர்கள் ராகிக் காட்டிலோ, பெங்களூரிலோ, கல்யாணமாகிப் புருஷன் வீட்டிலோ இருந்தார்கள். அம்மை வந்து இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துப்போன ஒரு பையன்கூட நாள் தவறாமல் ஆஜராகிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று அத்தனை பெயருக்கும் தலை வேண்டும். ஊரில் சும்மா திரிகிற தலைகளை வாத்தியார் இரவல் வாங்குவார்.

நஞ்சம்மாவுக்கு மூன்று வருஷமாகச் சாந்தம்மா வேஷம். அசல் சாந்தம்மா, ராமப்பக் கவுடரின் மகள், ஆனேக்கல்லில் மாமன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். நஞ்சம்மா அந்தக் கவுடரின் ஆடுகளை மேய்த்தாள். அவளுடைய அப்பா திம்மப்பன் அந்தக் கவுடரின் ஏரை ஓட்டினார். அவர்கள் குடிசை நின்றதும் அந்தக் கவுடரின் நிலத்தில். கவுடர் வீட்டுப் பொருளைக் கவுடர் வீட்டு ஆளிடமே கொடுத்து வைப்பதுதான் பத்திரம் என்று வாத்தியார் நினைத்திருக்கலாம். கவுடருக்கும் இதில் நஷ்டமில்லை. மகள் ஆனேக்கல்லில் தூங்கியபடியே கொத்தனள்ளியில் வகுப்பு ஏறிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பத்து நாள் முன்பே இரவல் பிள்ளைகளுக்கு ஒத்திகை தொடங்கிவிடும். நஞ்சம்மாவின் படிப்பு மொத்தமும் அந்தப் பத்து நாள்தான். வீட்டில் கன்னடம், காட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். மேய்த்த ஆடுகளுக்கு மூன்றும் புரியும். சேலம் ஜில்லாப் படத்தில் ஓசூர் எங்கே, கிருஷ்ணகிரி எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவாள். சிலேட்டில் பலப்பம் அழுத்தி, ‘சாந்தம்மா’ என்று அடி பிசகாமல் எழுதுவாள். எழுதச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான். இரவல் பிள்ளைக்கு அதற்குமேல் செலவழிக்க வாத்தியார் என்ன ஏமாளியா?

“ஐயா, எம் பேர எப்பங்க எழுதுவீங்க?” என்று அந்த வருஷமும் கேட்டாள்.

“அதான் எழுதியிருக்குதே, சாந்தம்மான்னு.”

“அது எம் பேரு இல்லீங்களே.”

“இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போவட்டும். ஜூன் மாசம் சேத்துக்கறேன்.”

“போன வருசமும் ஜூன் மாசம்னுதானுங்களே சொன்னீங்க?”

“வருசா வருசம் ஜூன் மாசம் வருதா இல்லியா? நான் சொன்னது பொய்யா?”

பாயில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நஞ்சம்மாவும் சிரித்தாள். அவள் மட்டும் அந்த ஜூனை நம்பினாள்.

இன்ஸ்பெக்டர் ஜட்கா வண்டியில் வந்தார். குதிரையைப் பிடித்துக்கொள்ள வாத்தியார் திம்மப்பனை நிறுத்தியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே குதிரைத் தலையும் திம்மப்பன் தலையும் சேர்ந்து தெரிந்தன.

“உன் பேரென்னம்மா?”

“சாந்தம்மாங்க.”

“அப்பா பேரு?”

“ராமப்பக் கவுடருங்க. தோட்டம் நாலு ஏக்கரு, மேட்டாங்காடு இருவது ஏக்கரு, கெணறு ரெண்டுங்க.”

வெளியே திம்மப்பன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தன்னை விட்டுவிட்டு இத்தனை சொத்துள்ள அப்பாவை மகள் பிடித்துக்கொண்டதில் அவருக்கு வருத்தமா, பெருமையா என்பது அந்தக் குதிரைக்குத்தான் தெரியும்.

ஜில்லாப் படத்தில் அவள் ஓசூரைக் காட்டியதும் இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. “படத்துல பாத்தா போதுமா? இந்தப் பிள்ளைங்க ஓசூரைக் கண்ணால பாக்க வேண்டாமா? நாராயணப்பன், வர வியாழக்கிழமை எல்லாரையும் மாட்டுப் பண்ணைக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் அங்க வரேன்.”

வாத்தியாரின் முகம் படி அளந்து தீர்ந்த கோணிப்பை மாதிரி தொங்கிப்போனது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்த சரக்குக்கு இன்னொரு நாள் வாடகை. அதோடு பஸ் கட்டணம்.

பத்துப் பிள்ளைகள் போதும், மற்றவர்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவானது. இன்ஸ்பெக்டருக்குச் சாந்தம்மாவின் முகம் மனசில் நின்றிருக்கும். ஆகவே நஞ்சம்மாவை விட முடியவில்லை. தேன்கனிக்கோட்டை வரைக்கும் மாட்டு வண்டி, அப்புறம் பஸ். மடியில் ஒன்று, காலடியில் ஒன்று என்று பிள்ளைகளை அடுக்கி, கண்டக்டரோடு தளி வரைக்கும் கேட்கிற மாதிரி சண்டை போட்டு, அரை டிக்கெட்டைக் கால் டிக்கெட்டாக்கினார் வாத்தியார். நஞ்சம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஓசூர் மலைக்கோயில் தெரிந்ததும், “படத்துல இது இல்லியே!” என்றாள்.

பண்ணையில் மாடுகள் கவுடர் வீட்டு மாடுகளைவிடச் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு மாட்டின் தலைக்கு மேலும் ஒரு கறுப்புப் பலகை. அதில் வெள்ளை எழுத்து. தீனி வைத்துக்கொண்டிருந்த கங்கப்பன் என்கிற பண்ணையாளிடம் நஞ்சம்மா கேட்டாள்:

“பலகையில இன்னாங்க எழுதியிருக்குது?”

“மாட்டோட பேரு, பாப்பா.”

“எல்லா மாட்டுக்குமா?”

“கன்னு போட்ட அன்னிக்கே எழுதிருவோம். ஆயி பேரு, அப்பன் பேரு, பாட்டன் பேரு மொதக்கொண்டு ஆபீஸ்ல இருக்குது.”

“ஒண்ணோட பேர இன்னொண்ணுக்கு மாத்தி எழுத மாட்டீங்களா?”

“நல்லா கேட்ட போ! மாத்தினா எம் பொழப்பு போயிரும்.”

அவள் அந்தப் பலகைக்குக் கீழே வெகு நேரம் நின்றாள். மாடு அசை போட்டபடி அவளைப் பார்த்தது. பெயர் உள்ள மாடு.

மத்தியானம் மரத்தடியில் பொரிகடலை கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்.

“சாந்தம்மா, கிருஷ்ணகிரியில பொண்ணுங்களுக்கு ஒரு ஆஸ்டல் தொறந்திருக்காங்க. கூலிக்காரங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குச் சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் சும்மா. ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கு. உனக்குக் கிடைக்காது, உங்கப்பாவுக்கு நிலம் இருக்கு. உங்க ஊர்ல அப்படி யாராவது இருக்காளா?”

வாத்தியார் உரித்துக்கொண்டிருந்த வாழைப்பழம் பாதியில் நின்றது.

“நஞ்சம்மான்னு ஒருத்தி இருக்குறாளுங்க,” என்றாள் நஞ்சம்மா.

“யார் மக?”

“திம்மப்பன் மகளுங்க.” அப்பாவின் பெயரை ஓர் அதிகாரி முன்னால் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எழுதத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“ஆடு மேய்க்கிற பொண்ணு சார், அதுக்கு எழுத்தும் வராது, ஒண்ணும் வராது,” என்றார் வாத்தியார் அவசரமாக.

“புதன்கிழமை நானே வந்து பாக்கறேன். தன் பேரை எழுதிக் காட்டட்டும். அது போதும், இடம் அவளுக்கு.”

திரும்பி வரும்போது பஸ் பாதி காலி. வாத்தியார் அவள் காதைப் பிடித்தார்.

“கெடுத்தியேடி! உம் மூஞ்சி சாந்தம்மா மூஞ்சின்னு அந்தாளு மனசுல பதிஞ்சு கெடக்குது. இப்ப நஞ்சம்மாவுக்கு நான் எங்கடி போவேன்?”

“நாந்தானுங்களே நஞ்சம்மா?”

“அத அவருகிட்ட சொன்னா, மத்ததெல்லாம் யாருன்னு கேப்பாரு. செத்தவன் வரைக்கும் கேப்பாரு. கிராண்டு போவும், பள்ளிக்கூடம் போவும், நானும் போவேன்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். திம்மப்பன் களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“ஒரு வார்த்த நீ சொல்லு அப்பா. நான் உம் பொண்ணுன்னு சொல்லு.”

“சொல்லலாம் கண்ணு. கவுடரு பொண்ணு பேரு சந்தி சிரிக்கும். அப்புறம் இந்தக் குடிசைய எங்க தூக்கிட்டுப் போறது?”

வாத்தியார் மூளையுள்ள மனிதர். கொத்தனள்ளியில் பெயருக்கு ஆள் பிடிப்பது அவருக்குப் பழகிய தொழில். பக்கத்துக் குடிசைச் சென்னம்மாளின் மகள் பாப்பம்மாவை நஞ்சம்மாவாகப் பிடித்துவிட்டார். அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே இல்லை. அவளுக்கு ஒத்திகையும் வைக்கவில்லை. எதுவும் தெரியாத சரக்குத்தான் அவருக்கு அன்று வேண்டியிருந்தது.

புதன்கிழமை ஜட்கா வந்தது. திம்மப்பன் குதிரையைப் பிடித்தார். நஞ்சம்மா முதல் வரிசையில் சாந்தம்மாவாக உட்கார்ந்தாள். வாத்தியார் பாப்பம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

“இதுதாங்க நஞ்சம்மா.”

இன்ஸ்பெக்டர் சிலேட்டையும் பலப்பத்தையும் கொடுத்தார். “உன் பேரை எழுதும்மா.”

பாப்பம்மா பலப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுக் கைப்பையை எடுத்தார்.

நஞ்சம்மா எழுந்துவிட்டாள்.

“ஐயா, நாந்தாங்க நஞ்சம்மா.”

சிரிப்பு நின்றது. வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நீயா?” என்றார் இன்ஸ்பெக்டர். “அப்படின்னா எழுது.”

சிலேட்டு அவள் மடிக்கு வந்தது. மூன்று வருஷம் ஓடிய தடத்திலேயே கை ஓடியது. உருண்டையாக, அழகாக, அடி பிசகாமல் எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தாள். சாந்தம்மா. எச்சில் தொட்டு அழித்தாள். மறுபடி பலப்பத்தை வைத்தாள். கை நகரவில்லை. அந்தக் கையில் வேறு பெயர் இல்லை.

“வெளிய குதிரையப் புடிச்சிக்கிட்டு நிக்கறாருங்களே, அவருதாங்க எங்கப்பா! அவரக் கேளுங்க!”

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குப் போனார். “ஏம்பா, இது உன் பொண்ணா?”

திம்மப்பன் மகளைப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற வாத்தியாரைப் பார்த்தார். அந்தப் பக்கம் கவுடரின் நிலத்தில் குடிசைக் கூரை தெரிந்தது. குதிரை ஒரு தரம் தலையை உதறியது.

“இல்லீங்க சாமி. கவுடரு பொண்ணுங்க.”

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து நஞ்சம்மாவின் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. “ஒரு ஏழைப் பொண்ணுக்காகப் பொய் சொல்லக்கூடத் துணிஞ்சிருக்கே. நல்ல மனசும்மா உனக்கு. ஆனா பொய் சொல்லக் கூடாது.” ஆஸ்டல் இடம் அஞ்செட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போனது.

கோடை விடுமுறை முடிந்ததும் அசல் சாந்தம்மா ஆனேக்கல்லிலிருந்து வந்து நாலாம் வகுப்பில் உட்கார்ந்தாள். நல்ல மனசுக்காக இன்ஸ்பெக்டர் அனுப்பியிருந்த சேலம் ஜில்லாப் படத்தை வாத்தியார் அவளிடம் கொடுத்தார். அதில் ஓசூர் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆடு ஓட்டிக்கொண்டு போனவளைக் கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

கொத்தனள்ளியில் கணக்கு மட்டும் எப்போதும் சுத்தம். அந்தப் புதன்கிழமைக்கு, சாந்தம்மா என்ற பெயருக்கு இரண்டு அச்சு வெல்லம், நஞ்சம்மாவிடம் சேர்ந்தது. அவள் அதை ஆட்டுக்கு வைத்தாள். நஞ்சம்மா என்ற பெயருக்கு ஓர் அச்சு, பாப்பம்மா அங்கேயே தின்றுவிட்டாள். பலப்பத்தைவிட ருசி என்றாள். மகள் அப்பாவை மாற்றிச் சொன்னாள், அப்பா மகளை மாற்றிச் சொன்னார், அதுவும் நேர். யாருக்கும் யாரும் பாக்கியில்லை.

ஜூன் மாசம் ஒன்றுதான் பாக்கி. அது வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது.